மூக்கம்மாள் டீச்சர் கழுகு வீட்டுக்குப் போன கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் என்று ஒன்று வந்துவிட்டால் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்று ஒன்றும் வந்தே தீரும். அதற்கு முன்பு அந்தக் காட்டில் புலி இருந்தது, காட்டுத்தீ இருந்தது, வெள்ளம் இருந்தது. அவற்றையெல்லாம் மிருகங்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தன.

பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வளாகத்துக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. மாணவன் மாணவனைத் தின்னக் கூடாது, பெற்றோர் ஆசிரியரைத் தின்னக் கூடாது. வேலிக்கு வெளியே அவரவர் பசி, அவரவர் பாடு. இந்தச் சட்டத்தை எல்லாரும் மதித்தார்கள். ஆனால் போன வருஷம் தவளை சார் ஒரு தவறு செய்துவிட்டார். சாரைப்பாம்பு வீட்டுப் பையன் வீட்டுப்பாடமே எழுதுவதில்லை என்று பெற்றோரிடம் நேரடியாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பேச்சு சுவாரசியத்தில் அவர்களோடு வேலியைத் தாண்டியும் போய்விட்டார். இப்போது அந்த வகுப்புக்கு வேறு சார் வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியர் யானை ஓர் உத்தரவு போட்டார். பெற்றோரிடம் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் மூன்று பாராட்டு சொல்ல வேண்டும். மூன்றும் சொல்லி, பெற்றோர் முகத்தில் சிரிப்பு வந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் குறைக்குப் போகலாம். இதற்காக ஒரு பயிற்சி வகுப்பும் நடந்தது. எங்கிருந்தோ ஒரு நரி வந்து பாடம் எடுத்தது. சுண்டலும் டீயும் கொடுத்தார்கள். சுண்டல் நன்றாக இருந்தது என்று எல்லா ஆசிரியர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மூக்கம்மாள் டீச்சர். டீச்சர் ஒரு மூஞ்சூறு. சின்ன உருவம், நீள மூக்கு, மங்கலான கண். பிள்ளைகளை வாசனை வைத்தே அடையாளம் கண்டு வருகைப்பதிவு எடுத்துவிடுவார். யாராவது ஒருவன் இன்னொருவனுக்காக "உள்ளேன் டீச்சர்" என்று குரல் கொடுத்தால் அவரிடம் பலிக்காது.

அந்த வகுப்பில் கழுகு வீட்டுப் பையன் ஒருவன் படித்தான். அப்பா பெயர் உச்சிமாகாளி, அம்மா பெயர் சிகரவல்லி. ஒரே பிள்ளை. முட்டைக்குள் இருக்கும்போதே அவனுக்கு நெடுநோக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கழுகுக் குடும்பமல்லவா, கண்தானே அவர்களுக்குச் சொத்து, பட்டம், பதவி எல்லாம்.

நெடுநோக்கன் தங்கமான பையன். என்ன, ஒரு நாள் காலையில் கரையான் புற்றுக்கு வணக்கம் சொன்னான். இன்னொரு நாள் தலைமையாசிரியர் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஏலே, இந்தப் பாறை கதகதன்னு இருக்குடா, வாங்கடா" என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டான். கரும்பலகையில் 'ஆலமரம்' என்று எழுதிப் போட்டால் அவன் சிலேட்டில் 'ஆமை' இருக்கும். குறும்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் பார்க்கிற விதம் மூக்கம்மாள் டீச்சருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த விதம். அவரே அப்படித்தான் பார்ப்பார்.

இடைவேளையில் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த மரத்துல என்ன தெரியுது நோக்கா?"

"பச்சையா ஒண்ணு தெரியுது டீச்சர்."

"இலை தெரியலையா?"

"இலை கீழ விழுந்த பெறவுதான டீச்சர் தெரியும்?" என்றான் பையன். எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஐப்பசி மழை ஓயப் போகிறது. மழை ஓய்ந்ததும் கழுகு வீட்டார் முதல் பறப்பு விழா எடுப்பார்கள். அந்த வருஷத்துக் குஞ்சு மொட்டைப்பாறை உச்சியிலிருந்து குதித்து, பள்ளத்தாக்கைக் கடந்து, எதிர்ப்பக்கம் பட்டமரத்தில் காத்திருக்கும் அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஈட்டி ஈட்டியாகப் பாறைகள். பார்த்து வளைந்து வளைந்து போகிறவன் பிழைப்பான்.

"குதிக்கப் போறியே, பயமா இல்லையா?"

"எதுக்கு டீச்சர் பயம்? அங்க ஒண்ணுமே இல்லையே. வெறும் வெள்ளையாத்தான இருக்கு."

டீச்சர் அன்றைக்கே சிகரவல்லிக்கு ஆள் அனுப்பினார்.

சிகரவல்லி வந்தாள். வேலிக்கு உள்ளேதான் சந்திப்பு. டீச்சர் உத்தரவுப்படி தொடங்கினார்.

"உங்க பையனுக்கு நல்ல குரல். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லுவான்."

"ஐயோ, அப்படியா!"

"நல்ல மனசு. நேத்து மத்தியானச் சாப்பாட்டுல பாதிய எலி வீட்டுப் பையனுக்குக் குடுத்தான்."

"எலிக்கா? எலிக்குச் சாப்பாடு குடுக்கானா?" சிகரவல்லி கொஞ்சம் குழம்பினாள். பிறகு பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். "சரி, நல்ல மனசுதான்."

"ஞாபகசக்தி அபாரம். ஒரு தடவை காதுல வாங்கினா மறக்கவே மாட்டான்."

இதோ மூன்று முடிந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு குறைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் சிகரவல்லி இறக்கையை விரித்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் டீச்சர். இத எங்க நாத்தனார்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துருதேன்."

போனவள் திரும்பவில்லை. மறுநாள் மறுபடி கூப்பிட்டார். புதிதாக மூன்று பாராட்டு தேட வேண்டியிருந்தது. அவற்றையும் வாங்கிக்கொண்டு சிகரவல்லி ஓரகத்தியிடம் பறந்தாள். அடுத்த முறை வேறொரு மலையிலிருந்த சித்தி முறைக்காரியிடம். சில நாளில் காடு முழுக்க நெடுநோக்கன் புகழ் பரவி, முன்பின் தெரியாத பருந்துகளெல்லாம் அவனுக்குப் பெண் கொடுக்க முன்வந்தன. குறை மட்டும் டீச்சரின் தொண்டையிலேயே இருந்தது.

பிறகு ஒரு நாள் உச்சிமாகாளியே வந்தார். ஆள் கறார்.

"டீச்சர், பாராட்டெல்லாம் வீட்டுல கேட்டுக்கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. குறை ஏதாவது உண்டா, அதச் சொல்லுங்க."

டீச்சருக்கு அவர் காலைக் கட்டிக்கொண்டு கும்பிடலாம் போலிருந்தது. "போர்டுல எழுதுறது சரியாத் தெரிய மாட்டேங்குதுன்னு நெனைக்கேன்" என்றார்.

"யாருக்கு?"

"நெடுநோக்கனுக்கு."

உச்சிமாகாளி கழுத்தை மட்டும் திருப்பி வடக்கே பார்த்தார். "அந்த மலையில ஒரு ஓணான் இருக்கு. இப்பக் கண்ணச் சிமிட்டிச்சு. பாத்தீங்களா?"

டீச்சருக்கு மலையே தெரியவில்லை.

"நான் பாத்தேன். எங்கப்பா இருந்தா அது எந்தக் கண்ணுன்னு சொல்லிருப்பாரு. எங்க வம்சத்துல கண்ணு தெரியாதவன்னு ஒருத்தன் பொறந்ததில்ல டீச்சர். பொறக்கவும் மாட்டான். போர்டு தெரியலன்னா கோளாறு போர்டுலதான்."

நேரே தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் கொடுத்தார். யானைக்கு வியர்த்துவிட்டது. "பெரிய எடத்துப் புள்ள டீச்சர், எழுத்தக் கொஞ்சம் பெருசா எழுதிப்போட்டுருங்க" என்றார்.

எழுதினார். டீச்சருக்கும் பலகை உச்சி எட்டவில்லை, பையனுக்கும் எழுத்து தெரியவில்லை. எழுத்து பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் பலகையில் ஓர் எழுத்துக்கு மேல் பிடிக்காமல் போயிற்று. 'மழை' என்ற சொல்லை நடத்தி முடிக்க மதிய மணி ஆகிவிட்டது. 'மிளகாய்ப்பொடி' மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மழை ஓய்ந்தது. மறுநாள் காலை விழா என்று மொட்டைப்பாறையில் தோரணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மூக்கம்மாள் டீச்சர் தலைமையாசிரியரிடம் போனார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க சார். வாங்க, ரெண்டு பேரும் போவோம்."

"எனக்கு மூட்டுவலி டீச்சர். அதுவும் இது வளாகத்துக்கு வெளிய நடக்குற விஷயம். நம்ம வரம்புக்குள்ள வராது" என்றார் யானை.

யானை வராவிட்டால் போகிறது என்று டீச்சர் தனியாகவே மலை ஏறினார். சட்டம் வேலியோடு முடிந்துவிட்டது. இனி அவர் டீச்சர் இல்லை, மூஞ்சூறு. இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நடந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு நல்லாசிரியர் விருது கொடுப்பதில்லை, கொடுப்பவர்களுக்கு மூட்டுவலி.

மேலே சிகரவல்லி எட்டிப் பார்த்தாள். "இங்க பாருங்க, பலகாரம் தானா நடந்து வருது" என்றாள். உச்சிமாகாளி கூர்ந்து பார்த்து, "ஏட்டி, அது டீச்சர்" என்றார். மரியாதையாக உட்காரவைத்தார்கள். சாப்பிட எலிக்கறி கொடுத்தார்கள். தூரத்துச் சொந்தம் போல இருக்கிறது, வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மூச்சு வாங்கி முடித்ததும் அவர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"உங்க மகனுக்குக் கண்ணு..."

உச்சிமாகாளியின் கழுத்து இறகு சிலிர்த்தது. சிகரவல்லி ஓரடி முன்னால் வந்தாள். அவள் அலகின் நுனியை அவ்வளவு கிட்டத்தில் டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. மங்கல் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது.

"எம் புள்ள கண்ணுக்கு என்ன?"

'தெரியவில்லை' என்பதுதான் டீச்சர் சொல்ல நினைத்த சொல். வாயிலிருந்து வந்ததோ வேறு.

"ரொம்ப அதிகம்."

"என்னது?"

"மிஞ்சிப் போச்சு" என்றார் டீச்சர். அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது. "நானும் எத்தனையோ புள்ளைகளப் பாத்துட்டேன். இப்படிப் பார்வையப் பாத்ததில்ல. மத்தவங்க கண்ணு மலை மேல போய் நிக்கும். இவன் கண்ணு மலையத் தாண்டிப் போயிருது. அதான் போர்டு தெரிய மாட்டேங்குது. போர்டெல்லாம் அவன் கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்ல. கரும்பலகையத் துளைச்சுக்கிட்டு அந்தாண்ட போயிருது."

பெற்றோர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிகரவல்லியின் கண் கலங்கியது. "எனக்கு அப்பவே தெரியும். பொறந்த அன்னைக்கு என்னையப் பாக்காம எங்கயோ பாத்துக்கிட்டிருந்தான்."

"எங்கப்பா சாயல்" என்றார் உச்சிமாகாளி.

"சந்தோஷம்தான்" என்றார் டீச்சர். "ஆனா நாளைக்கு விழா. முன்னால பாறை நிக்கும். இவன் பார்வை அதத் தாண்டிப் போயிரும். உடம்பு பாறையில முட்டிரும். பார்வைய அடக்கணும்."

"எப்படி அடக்க?"

"கண்ணாடி போடணும்."

கழுகு வம்சத்தில் யாரும் கண்ணாடி போட்டதில்லை. ஆனால் பார்வை மிஞ்சிப்போகும் அளவுக்கும் யாரும் இருந்ததில்லையே. உச்சிமாகாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "போட்டுரலாம்" என்றார்.

குரங்கு மந்தியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அருவிப்பக்கம் அவன் ஒரு கண்ணாடிக்கடை வைத்திருந்தான். சரக்குக்குப் பஞ்சமே இல்லை. குளிக்க வருகிற மனிதர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு அருவிக்குத் தலையைக் கொடுப்பார்கள். தலையை எடுத்துப் பார்க்கும்போது கண்ணாடி கடைக்குப் போயிருக்கும்.

மந்தியப்பன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான். முதலில் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டான். "பொழுது அடைஞ்சிருச்சு டீச்சர், நான் தூங்கப் போறேன்" என்றான் நெடுநோக்கன். அடுத்ததை மாட்டியதும் தன் காலைப் பார்த்துத் தானே பயந்து பின்னால் போனான். இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றி, கடைசியில் சோடாப்புட்டி அடிப்பாகம் போல ஒன்று வந்தது. கழுகுக்கு ஏது காது? கொடியால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

பையன் அசையவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டீச்சர், இலையெல்லாம் மரத்துலயே இருக்கு" என்றான். பிறகு மெதுவாகத் திரும்பினான். "அம்மா, ஒன் அலகு மஞ்சளாம்மா? அழகா இருக்கும்மா."

மந்தியப்பன் மூக்கைச் சிந்தினான். டீச்சர் எங்கேயோ பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிகரவல்லி மகனைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"பாவம் டீச்சர்! எங்கயோ பாத்துக்கிட்டிருந்த புள்ள, இப்ப எலையையும் என் மூஞ்சியையும் பாக்குற நெலைமைக்கு வந்துட்டானே."

"விழா முடிஞ்சதும் கழட்டிரலாமா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"கழட்டவே கூடாது. கழட்டினா மறுபடி மிஞ்சிரும்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் காலை காடே பாறையடியில் கூடியிருந்தது. நெடுநோக்கன் உச்சியில் வந்து நின்று கீழே பார்த்தான். முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது. அது நல்ல பயம். குதித்தான். முதல் பாறையைச் சுற்றினான், அடுத்ததை ஒதுங்கினான், நெருக்கமாக நின்ற இரண்டுக்கு நடுவில் ஒருக்களித்துப் புகுந்தான். மூக்கம்மாள் டீச்சருக்கு இவை எதுவுமே தெரியவில்லை. "எங்க இருக்கான், எங்க இருக்கான்?" என்று மந்தியப்பனின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டேயிருந்தார். கூட்டம் ஓவென்று கத்தியது. நல்ல கத்தலா கெட்ட கத்தலா என்று புரியாமல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். தலைக்கு மேல் சரேலென்று காற்று அடித்தது. "அந்தக் கரைக்குப் போயிட்டுத் திரும்பவும் வந்துட்டேன் டீச்சர்! நீங்க அங்க இருந்தே தெரிஞ்சீங்க!" என்ற குரல் கேட்டது. டீச்சர் அழுதேவிட்டார்.

கதையை இங்கேயே முடித்துக்கொண்டு ஒரு நல்ல நீதி சொல்லியிருப்பேன். சிகரவல்லிதான் விடவில்லை.

அவள் விழாப் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எம் புள்ளைக்குப் பார்வை தாங்க முடியாமப் போய், கண்ணாடி போட்டு அடக்கி வச்சிருக்கோம். சாதாரணப் புள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்ல பாருங்க." இதைக் கேட்டு எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்? அன்று சாயங்காலமே மந்தியப்பன் கடையில் வரிசை. மறுநாள் வரிசைக்கு டோக்கன் கொடுத்தான். முயல் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாக வாங்கினார்கள். மான் தம்பதி, குட்டி பிறக்கும் முன்பே ஒன்று சொல்லி வைத்தார்கள். வௌவால் பையனுக்குத் தலைகீழாக மாட்டுகிற மாதிரி தனியாகச் செய்யச் சொன்னார்கள்.

மூன்றாம் வகுப்பில் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி. எல்லாருக்கும் நல்ல கண், எல்லாருக்கும் அடுத்தவர் கண்ணாடி. கரடிப்பையன் கதவு என்று நினைத்து முள்ளம்பன்றிப் பெண்ணைத் திறக்கப் போனான். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நெடுநோக்கன் மட்டும் இறக்கையைத் தூக்கினான்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் வந்தது. வரிசையில் முதல் ஆள் புலியம்மா. பின்னால் கரடி அப்பா, அவருக்குப் பின்னால் மலைப்பாம்பு அம்மா, அதற்கும் பின்னால் யார் யாரோ.

"டீச்சரம்மா, எம் புள்ளைக்குப் போர்டு தெரியலயாம். மார்க்கும் விழுந்துபோச்சு. என்னன்னு பாருங்க."

இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூக்கம்மாள் டீச்சர் முடிவு செய்தார். கழுகுக் கூட்டுக்கே போய் உயிரோடு திரும்பியவருக்கு என்ன பயம்? அதுவும் சொல்லப்போவது நல்ல செய்தி.

"உங்க பையன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. கண்ணாடியக் கழட்டிட்டாப் போதும். எல்லாம் தெரியும்."

புலியம்மா சிரிக்கவில்லை. "அப்ப கழுகு வீட்டுப் புள்ளைக்கு மட்டும் பார்வை மிஞ்சிப் போச்சு. எம் புள்ளைக்கு?"

"அளவா இருக்கு."

"அளவான்னா?"

"எல்லாரையும் போல."

மலைப்பாம்பு அம்மா தலையை உயர்த்தினாள். கரடி அப்பா கையிலிருந்த தேன்தட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாரையும் போலவா?" என்று புலியம்மா மெதுவாகக் கேட்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது, உதட்டுக்கு வெளியே பல் தெரிந்தது. "நான் பெத்த புள்ள, எல்லாரையும் போலவா டீச்சரம்மா?"

அந்தக் காட்டில் அப்படியொரு கெட்ட வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவசரப்படாதீங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார். புலிக்குட்டியின் முகத்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா! நான் நெனைச்சதுக்கு மேல இருக்கே. இந்தக் கண்ணாடி இவனுக்கு எங்க பத்தும்? இன்னும் தடிமனா வாங்குங்க."

புலியம்மாவின் முகம் மலர்ந்தது. "எம் புள்ளைக்கு அதுக்கும் மேல தடிமனா எழுதிக் குடுங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து மலைப்பாம்பு அம்மா முண்டினாள்.

அன்று பள்ளி விட்டதும் நெடுநோக்கன் முன்னால் நடந்தான். மற்ற பிள்ளைகள் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வீட்டுக்குப் போனார்கள்.

நீதி: பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று சொன்னால் பெற்றோர் கடிக்க வருவார்கள், குறையே இல்லை, எல்லாரையும் போல இருக்கிறான் என்று சொன்னால் முழுசாக விழுங்க வருவார்கள். ஆகவே ஆசிரியர்கள் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரோடு நல்லுறவில் இருப்பது உடம்புக்கு நல்லது.